பெரிய மனுஷங்களும் தவளைக் காலும்

காட்பாடியில் டவுன் பஸ் ஏறி, வேலூர் நெரிசலில் ஊர்ந்து, கடைசியில் இறங்கினால் பாகாயம். சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. கல்லூரி என்றதும் ஐடா ஸ்கடர் அம்மையார் உங்கள் நினைவுக்கு வருவார். 1918-இல் பெண்களுக்கு மெடிக்கல் ஸ்கூல் தொடங்கப்போகிறேன் என்று அவர் சொன்னபோது, 'மூணு அப்ளிகேஷன் வந்தால் உங்கள் அதிர்ஷ்டம்' என்று ஆண்கள் நமட்டுச் சிரிப்புச் சிரித்தார்கள். வந்தது 151. அந்த அம்மாவைக் கிண்டலடிக்க எனக்குத் தைரியம் கிடையாது. ஆகவே வேறு ஆட்களைப் பார்ப்போம்.

நம் கதாநாயகன் குட்டை உருவம், முழிக் கண், குளத்தங்கரை விலாசம். தவளை!

சிரிக்காதீர்கள். பாகாயத்தில் மட்டுமில்லை, இந்த தேசம் முழுக்கப் பல தலைமுறை டாக்டர்களுக்கு முதல் பேஷன்ட் அவர்தான். பிசியாலஜி லேபில் கைமோகிராஃப் என்று ஓர் உருளை சுற்றும். அதில் வழவழப்பான தாளைச் சுற்றி, புகைகிற தீயில் காட்டிக் கரி ஏற்றுவார்கள். தவளையின் கெண்டைக்கால் தசையை நரம்போடு பிரித்தெடுத்து மாட்டி, நரம்பில் துளி கரண்ட் விட்டால், தசை வெடுக்கென்று இழுக்கும். அதோடு கட்டிய முள் கரித்தாளில் ஒரு வெள்ளைக் கோபுரம் போடும். கோபுரம் விழுந்தால் மாணவருக்கு மார்க். விழாவிட்டால், 'தவளை சரியில்ல சார்!'

இப்போது அந்தக் கோபுரத்தைக் கம்ப்யூட்டரே வரைந்து காட்டிவிடுகிறது. தவளைகள் ரிட்டயர் ஆகிவிட்டன. பென்ஷன் உண்டா என்று தெரியவில்லை.

நரம்பு சொன்னால் தசை ஏன் கேட்கிறது? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடி இருநூறு வருஷம் மகாமேதைகள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அநேகமாக எல்லோரும் தப்பாக யோசித்து, தடுக்கி விழுந்து, விழுந்த இடத்தில் புதையல் எடுத்தவர்கள். விழுந்ததை மறைத்துவிட்டுப் புதையலை மட்டும் பாடப்புத்தகத்தில் போட்டுவிட்டார்கள். நாம் விழுந்த கதையைப் பார்க்கலாம்.

முதலில் இத்தாலியின் கால்வானி. பரம சாது. தவளைக் கால்களைப் பித்தளைக் கொக்கியில் கோத்து, பால்கனியின் இரும்புக் கம்பியில் தொங்கவிட்டு, இடி மின்னல் வந்தால் துடிக்கிறதா பார்ப்போம் என்று உட்கார்ந்திருந்தார். வானம் பளிச்சென்று இருந்தது. ஆனாலும் கால் துடித்தது! கொக்கி கம்பியில் பட்டபோதெல்லாம் துடித்தது. 'பிராணிகளின் உடம்புக்குள்ளேயே கரண்ட் இருக்கிறது' என்று 1791-இல் அறிவித்தார். பக்கத்து வீட்டு பால்கனிக்காரர்கள் இத்தனை நாள் என்ன நினைத்துக்கொண்டிருந்தார்களோ.

அதே நாட்டில் வோல்டா என்று ஒருவர். 'கரண்ட் தவளையில் இல்லை ஓய், உம்முடைய இரண்டு உலோகங்களில் இருக்கிறது' என்றார். அதை நிரூபித்தே தீருவதென்று உலோகத் தகடுகளை அடுக்கிக்கொண்டே போய், 1800-இல் உலகின் முதல் பேட்டரியைச் செய்துவிட்டார். உங்கள் செல்போனில் இருக்கிற சமாச்சாரம் ஒரு தவளைக்கால் தகராறில் பிறந்தது. பால்கனி விஷயத்தில் வோல்டா சரி, உடம்புக்குள் கரண்ட் உண்டு என்பதில் கால்வானி சரி. 'நீங்களும் சரிதான்' என்று சொல்லும் பழக்கம் மட்டும் இருவருக்கும் இல்லை.

கால்வானி 1798-இல் போய்ச் சேர்ந்தார். மாமாவின் மானத்தைக் காக்கக் கிளம்பினார் மருமகன் ஆல்டினி. சும்மா இருந்திருக்கலாம். 1803 ஜனவரியில், லண்டன் நியூகேட் சிறையில் தூக்கிலிடப்பட்ட ஜார்ஜ் ஃபார்ஸ்டர் என்பவரின் உடலில், கூட்டம் பார்க்க, கரண்ட் பாய்ச்சினார். தாடை நடுங்கியது. ஒரு கண் திறந்தது. கை மேலே எழுந்து முஷ்டி மடக்கியது. செத்தவர் எழுந்து வரவில்லை. ஆனால் வேடிக்கை பார்த்த மருத்துவச் சங்க ஊழியர் ஒருவர் வீட்டுக்குப் போய் பயத்திலேயே செத்துப்போனார் என்று அந்தக் காலத்துச் சிறைக் கதைப் புத்தகம் சொல்கிறது. உயிர் கொடுக்கும் வித்தையில் கணக்கு மைனஸ் ஒன்று.

சரி, கரண்ட் போகிறது. நடுவில் யாராவது கம்பியை வெட்டினால்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கிறுக்கர் வருகிறார். சார்ல்ஸ் வாட்டர்டன். யார்க்‌ஷயர் பண்ணையார். தென் அமெரிக்காவில் முதலை மேல் சவாரி செய்தவர். விருந்தாளி வீட்டுக்கு வந்தால் மேஜைக்கு அடியில் நாலு காலில் ஒளிந்திருந்து நாய் மாதிரி அவர்கள் காலைக் கடிப்பவர். ரோமாபுரிக்குப் போனபோது செயின்ட் பீட்டர்ஸ் தேவாலய உச்சியில் ஏறி, இடிதாங்கியில் தன் கையுறைகளை மாட்டிவிட்டு வந்தார். போப்பாண்டவர் கோபித்துக்கொள்ள, எடுத்துவர வேறு ஆள் கிடைக்காமல், இவரே மறுபடி ஏறினார். ரத்தம் குடிக்கும் வௌவால் தன் கால் கட்டைவிரலைக் கடிக்கவேண்டும் என்று காட்டில் காலை வெளியே நீட்டிக்கொண்டு படுத்தவர். வௌவால் பக்கத்திலிருந்தவரைக் கடித்தது.

இவர் கயானா காட்டுப் பழங்குடிகளிடமிருந்து அம்பு நுனியில் தடவும் க்யூராரே விஷத்தை வாங்கிக்கொண்டு வந்தார். 1814-இல் லண்டனில் ஒரு பெண் கழுதைக்கு அதைத் தோள்பட்டையில் ஏற்றினார்கள். பத்து நிமிஷத்தில் கழுதை விழுந்தது, மூச்சு இல்லை. உடனே தொண்டையில் துளை போட்டு, கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரி ஒன்றை வைத்து, நுரையீரலுக்குக் காற்று ஊத ஆரம்பித்தார்கள். இரண்டு மணி நேரம் ஊதியதும் கழுதை தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தது. 'இவனுங்க யாரு?' என்பதுதான் அந்தப் பார்வைக்கு அர்த்தமாக இருக்கவேண்டும். துருத்தியை நிறுத்தியதும் மறுபடி விழுந்தது. மறுபடி ஊதினார்கள். பிழைத்தது. வூராலியா என்று பெயர் சூட்டி, வாட்டர்டன் தன் பண்ணையில் வேலை வெட்டி இல்லாமல் மேயவிட்டார். 1839 வரை, 25 வருஷம் மேய்ந்தது. மருத்துவத்துக்குப் பங்களித்து இப்படி செட்டில் ஆனவர்கள் குறைவு.

அந்தக் கழுதைக்கு மூளை ஓடியது, இதயம் அடித்தது, தசையும் நன்றாகவே இருந்தது. மூச்சுத் தசைக்கு உத்தரவு மட்டும் வரவில்லை. வேலூர்க்காரர்கள் தங்கள் ஊரையே கிண்டலடித்துச் சொல்வார்களே, ராஜா இல்லாத கோட்டை என்று, அதே நிலைமை. அகழி இருக்கிறது, மதில் இருக்கிறது, உள்ளே உத்தரவு போட ஆள் இல்லை.

உத்தரவு எங்கே தொலைந்தது என்று கண்டுபிடித்தவர் பாரிஸின் க்ளோட் பெர்னார். மனைவி கொண்டுவந்த வரதட்சணைப் பணத்தில் ஆராய்ச்சி செய்தவர். அந்த ஆராய்ச்சியைக் கண்டு கொதித்த மனைவி, பின்னாளில் பிராணிவதைக்கு எதிரான கட்சியில் சேர்ந்தார். போகட்டும், அது குடும்ப விஷயம். க்யூராரே கொடுத்த தவளையின் நரம்பில் கரண்ட் விட்டால் தசை அசையவில்லை. தசையிலேயே நேராக விட்டால் துள்ளியது. நரம்புக்கும் கேடில்லை, தசைக்கும் கேடில்லை என்றால், கோளாறு இரண்டும் சந்திக்கிற முச்சந்தியில்!

இந்த முச்சந்தி பாகாயத்துக்காரர்களுக்குப் புதிதில்லை. கட்டுவிரியன் பாம்பு அடிக்கிற இடமும் அதுதான். ராத்திரி பாயில் படுத்திருப்பவரை வலியே தெரியாமல் கடித்துவிட்டுப் போகும். விடிந்தால் இமையைத் தூக்க முடியாது, பேச்சு குழறும், அப்புறம் மூச்சு. நினைவு மட்டும் கொஞ்ச நேரத்துக்குத் தெளிவாகவே இருக்கும். நரம்பு நுனியையே அது குதறிவிடுவதால், விஷமுறிவு மருந்து போட்டாலும் நுனி மறுபடி முளைக்கிறவரை மெஷின்தான் மூச்சுவிட வேண்டும். அந்த மருந்துக்கு விஷம் எடுத்துத் தருபவர்கள் யார் தெரியுமா? முன்பு தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்துக்கொண்டிருந்த இருளர்கள். தோல் வியாபாரத்துக்குத் தடை வந்தது. 1978-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் கறந்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அவர்களில் மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. வாட்டர்டன் மாதிரி அவர்கள் யார் காலையும் கடித்ததாகத் தகவல் இல்லை.

முச்சந்தியைக் கண்டுபிடித்தாயிற்று. அங்கே நரம்பு தசைக்கு என்ன சொல்கிறது? ஆஸ்திரியாவில் ஓட்டோ லோவி என்ற டாக்டர் ஈஸ்டர் சமயம் ஒரு கனவு கண்டார். அற்புதமான சோதனை ஒன்று கனவில் வந்தது. பாதித் தூக்கத்தில் துண்டுச் சீட்டில் கிறுக்கிவிட்டுப் படுத்தார். காலையில் எடுத்துப் பார்த்தால் தான் எழுதியது தனக்கே புரியவில்லை! டாக்டர் கையெழுத்து. வேலூர் ஆற்காடு ரோட்டு மெடிக்கல் ஷாப் பையன் ஒருவன் பக்கத்தில் இருந்திருந்தால் மூன்று நொடியில் படித்துச் சொல்லியிருப்பான். மறுநாள் ராத்திரி அதே கனவு இரண்டாம் ஆட்டமாக ஓட, லோவி இந்தத் தடவை எழுதாமல் மூன்று மணிக்கே லேபுக்கு ஓடினார்.

இரண்டு தவளை இதயங்கள். ஒன்றின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார். அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து மற்றதன் மேல் விட்டார். அதுவும் மெதுவாகியது. ஆக, நரம்பு கரண்டை நேராகக் கடத்தவில்லை, ஒரு ரசாயனத்தைக் கக்குகிறது! 1921-இல் வெளியிட்டார். அந்த ரசாயனம் அசிட்டைல்கோலின். 1936-இல் நோபல் பரிசு. 1938-இல் நாஜிகள் பிடித்து உள்ளே போட்டபோது, 'ஐயோ, கடைசி ஆராய்ச்சியை இன்னும் பிரசுரிக்கவில்லையே' என்று கவலைப்பட்டு, காவலாளியைத் தாஜா செய்து போஸ்ட் கார்டில் எழுதி அனுப்பினார் மனுஷன். நோபல் பணத்தை நாஜிகளுக்கு எழுதிக்கொடுத்த பிறகுதான் நாட்டைவிட்டு வெளியே விட்டார்கள்.

'இதயத்தில் சரி. காலில் கையில் உள்ள தசைகள் எவ்வளவு வேகம்! ரசாயனம் கக்கிக் கரைந்து வேலை நடக்குமா? அங்கெல்லாம் ஸ்பார்க்தான்' என்று ஒரு கோஷ்டி. 'எல்லா இடத்திலும் சூப்தான்' என்று இன்னொரு கோஷ்டி. சண்டைக்குப் பெயரே சூப்பா ஸ்பார்க்கா. லண்டனில் சூப் கோஷ்டியின் ஹென்றி டேலிடம், ஹிட்லர் துரத்திய ஃபெல்ட்பெர்க் என்ற விஞ்ஞானி வந்து சேர்ந்தார். அவர் கையோடு கொண்டுவந்த வித்தை ஓர் அட்டைப்பூச்சி. துளியிலும் துளி அசிட்டைல்கோலின் பட்டாலே அட்டையின் தசை சுருங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். 1936-இல் காலுக்கும் சூப்தான் என்று நிரூபணமாயிற்று. அட்டைக்கு நோபல் இல்லை.

ஸ்பார்க் கோஷ்டியின் தலைவர் ஜான் எக்கிள்ஸ் மட்டும் மூளையிலாவது ஸ்பார்க் உண்டு என்று பிடிவாதமாக இருந்தார். 1951-இல் தானே ஒரு சோதனை செய்தார். முடிவு, தான் தப்பு! மறுநாளே கட்சி மாறி சூப்பின் கொள்கை பரப்புச் செயலாளர் ஆகிவிட்டார். நோபலும் வாங்கினார். நம் அரசியல்வாதிகளும் கட்சி மாறுகிறார்கள், ஆனால் சோதனை எதுவும் செய்துவிட்டு மாறுவதில்லை.

இனி தசைக்குள் நடப்பதைக் கேளுங்கள். நரம்பு நுனியில் பொட்டலம் பொட்டலமாக அசிட்டைல்கோலின். உத்தரவு வந்ததும் பொட்டலங்கள் வெடித்து, தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியைக் கடந்து, தசையின் பூட்டுகளில் உட்காரும். தசையின் மேல் கரண்ட் ஓடும். உள்ளே பதுக்கிவைத்த கால்சியம் கொட்டும். கால்சியம் வந்ததும் மயோசின் இழை ஆக்டின் இழையைப் பிடித்து இழுக்கும். இழைகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குகின்றன என்று 1954-இல் ஒரே பத்திரிகையின் ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்றில் ஒரு ஹக்ஸ்லி, மற்றதில் இன்னொரு ஹக்ஸ்லி. பங்காளிகளா என்றால், இல்லை. சம்பந்தமே இல்லாத இரண்டு ஹக்ஸ்லிகள்.

கால்சியத்தின் மகிமை தெரிந்த கதை இன்னும் கேவலம். 1880-களில் லண்டன் டாக்டர் சிட்னி ரிங்கர், காய்ச்சி வடித்த நீரில் உப்புப் போட்டால் போதும், தவளை இதயம் ஜோராக அடிக்கும் என்று பெருமையாக எழுதிவிட்டார். பிறகுதான் தெரிந்தது, அது வடித்த நீரே இல்லை, குழாய்த் தண்ணீர்! அதிலிருந்த கால்சியம்தான் இதயத்தை ஓட்டியிருக்கிறது. நிஜமான வடித்த நீரில் இதயம் படுத்துவிட்டது. ரிங்கர் கௌரவம் பார்க்காமல் 'நான் எழுதியது தவறு, குழாய்த் தண்ணீர்தான் காரணம்' என்று அச்சிலேயே ஒத்துக்கொண்டார். நம் பாலாற்றங்கரை போர் தண்ணியைக் கொடுத்திருந்தால் அவர் என்னென்ன கண்டுபிடித்திருப்பாரோ.

இன்னொரு தமாஷ். இழுத்துக்கொள்வதைவிட, பிடித்த பிடியை விடுவதற்குத்தான் தசைக்கு எரிபொருள் கட்டாயம் வேண்டும். சந்தேகமிருந்தால் ஆம்பூர் பிரியாணிக் கடைக்காரரைக் கேளுங்கள். ஆட்டின் தோல் டேனரிக்குப் போகிறது, தசை அண்டாவுக்கு வருகிறது. அறுத்த சில மணி நேரத்தில் கறி விறைக்கும். எரிபொருள் தீர்ந்துபோனதால் மயோசின் பிடித்த பிடியை விடமுடியாமல் மாட்டிக்கொண்ட நிலை அது. ஊறப்போடத் தயிர் எதற்கு என்று பாட்டிகளுக்குத் தெரியும். மயோசின் என்ற பெயர்தான் தெரியாது.

ரசாயனங்கள் இந்த முச்சந்தியில் செய்கிற அட்டகாசத்தை ருசி பார்த்தே தெரிந்துகொண்டவர்களும் உண்டு. ஜெர்மானியக் கவிஞர் டாக்டர் கெர்னர், கெட்டுப்போன சாசேஜ் தின்று ஆட்கள் விழுவதைப் பார்த்து, அந்த விஷத்தைத் தானே நாக்கில் வைத்துப் பார்த்தார். பொட்டலம் வெடிக்காமல் தடுக்கும் விஷம் அது. இன்று சினிமாக்காரர்கள் நெற்றிச் சுருக்கம் போகக் காசு கொடுத்து ஊசியாகப் போட்டுக்கொள்கிறார்கள், பெயர் போடாக்ஸ். எடின்பரோவில் விஷநூல் பேராசிரியர் கிறிஸ்டிசன் 1855-இல் நைஜீரியக் கலபார் கொட்டையைத் தின்றுவிட்டு, நிலைமை மோசமானதும், கையருகில் இருந்த ஷேவிங் செய்த தண்ணீரை மடக்கென்று குடித்து வாந்தி எடுத்துத் தப்பித்தார். பேராசிரியர்களின் கடைசி ஆயுதம் சோப்பு நுரை.

அந்தக் கொட்டையின் சத்து க்யூராரேக்கு நேர் எதிர். வேலை முடிந்த அசிட்டைல்கோலினைத் துடைத்தெறியும் என்சைமை அது முடக்கும். 1934-இல் லண்டனில் மேரி வாக்கர் என்ற சாதாரண ஆஸ்பத்திரி டாக்டரம்மா, தசைச் சோர்வு நோயாளி ஒருத்தியைப் பார்த்து, 'இவள் க்யூராரே குத்தினவள் மாதிரி இருக்கிறாளே, அதற்கு மாற்றான இதைக் கொடுத்தால் என்ன?' என்று யோசித்துக் கொட்டைச் சத்தை ஊசி போட்டார். தொங்கிய இமை எழுந்தது. பெரிய நிபுணர்கள் நம்பவில்லை. பெரிய நிபுணர்களாயிற்றே.

அதே என்சைமை நிரந்தரமாக முடக்கினால்? 1936 டிசம்பரில் ஜெர்மனியில் ஷ்ராடர் என்ற சாதுவான கெமிஸ்ட், செடிப் பூச்சியைக் கொல்ல மருந்து தேடிக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் ஒரு துளி சிந்தியது. அவருக்கும் உதவியாளருக்கும் கண்மணி சுருங்கி, மூச்சுத் திணறி, மூன்று வாரம் லீவு. பூச்சிமருந்து தேடியவர் கையில் சிக்கியது டபூன் என்கிற போர் விஷவாயு. பிறகு அதே குடும்பத்திலிருந்து அவர் எடுத்த பாரத்தியான்தான் நம் கிராமங்களில் பாலிடால் என்று பெயர் எடுத்தது. முகமூடி இல்லாமல், காற்றுக்கு எதிரே நின்று மருந்தடிக்கிற நம் விவசாயியின் முச்சந்தியில், துடைக்க ஆளின்றி அசிட்டைல்கோலின் தேங்குகிறது. தசை முதலில் துடிதுடிக்கிறது, அப்புறம் அலுத்துப்போய் நின்றுவிடுகிறது.

இங்கே ஜோக்கை ஓரமாக வைக்கிறேன். இந்த விஷத்துக்கு அட்ரோபின் கொடுப்பார்கள். நம் ஊமத்தையில் இருக்கிற அதே சரக்கு. எச்சிலையும் சளியையும் நிறுத்தும், இதயத்தைக் காக்கும். ஆனால் தசை முச்சந்தியில் அதன் பருப்பு வேகாது. 1987-இல் இலங்கையின் சேனாநாயக்கவும் கரலியத்தவும் பத்து நோயாளிகளை விவரித்தார்கள். தேறிவிட்டார் என்று நினைத்த ஆள் ஒன்றிரண்டு நாள் கழித்துத் திடீரென்று மூச்சு நின்று போகிறார். வார்டில் அதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம். 'தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்க அண்ணே' என்றால் போதும். தூக்க முடியாவிட்டால் மெஷினைத் தயார் செய்யவேண்டும்.

அப்புறம் பிராலிடாக்சிம் என்று ஒரு மகாமருந்து. என்சைமில் ஒட்டிய விஷத்தை உரித்தெடுக்கவென்றே அமெரிக்காவில் கணக்குப் போட்டுச் செதுக்கியது. காகிதத்தில் அதைப் போல அழகு கிடையாது. 1990-களில் வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் துணிந்து ஒரு காரியம் செய்தார்கள். இந்த மருந்து நிஜமாகவே வேலை செய்கிறதா என்று, யாருக்கு மருந்து யாருக்கு வெறும் திரவம் என்று கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் தெரியாமல் பிரித்துச் சோதித்தார்கள். பலன் ஒன்றும் தெரியவில்லை! 2006-இல் மகாராஷ்டிரத்தில், அதிக டோஸில் கொடுத்தால் பலன் உண்டு என்றார்கள். 2009-இல் இலங்கையில் இல்லை என்றார்கள். சண்டை ஓடிக்கொண்டே இருக்கிறது.

அதுவரை வார்டில் நோயாளியைக் காப்பாற்றுவது தொண்டையில் ஒரு குழாய், அதில் காற்று ஊதும் வென்டிலேட்டர். துருத்தி கரண்டில் ஓடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். வாட்டர்டன் இருந்திருந்தால் ராயல்டி கேட்டிருப்பார். கொடுக்காவிட்டால் டீன் மேஜைக்கு அடியில் புகுந்து காலைக் கடித்தாவது வாங்கியிருப்பார்.